வளைந்த விரல்கள், நேரான பார்வை: கண் டாக்டர் வெங்கடசாமியின் வாழ்க்கையில் இருந்து ஒரு கருவிழிப் பாடம்

இதை இப்போ போன்லதான் படிச்சுக்கிட்டு இருப்பீங்க. ஒரு சின்ன வேலை செய்ங்க. வலது கண்ணை அழுத்தாம உள்ளங்கையால மறைச்சுக்கிட்டு இந்த வரியைப் படிங்க. அப்புறம் இடது கண்ணை மறைச்சுக்கிட்டு அதே வரியைப் படிங்க. கண்ணாடி போடுறவங்க கண்ணாடியோடவே செய்யலாம்.

ஒரு கண்ணுல மட்டும் எழுத்துக்குக் கீழே இன்னொரு எழுத்து நிழல் மாதிரி தொங்குதா? ராத்திரி எதிர்ல வர்ற பைக் லைட் கோடு கோடா சிதறுதா? ஆறு மாசம் முன்னாடி மாத்தின கண்ணாடி இப்பவே பத்தலையா?

உடனே போனைத் திட்டாதீங்க. பெரும்பாலானவங்களுக்கு இது சாதாரண பவர் மாற்றமாத்தான் இருக்கும். ஆனா, சிலருக்குக் கண்ணோட முன்பக்கம் இருக்கிற கருவிழி, அதாவது கார்னியா, தன் உருவத்தையே மாத்திக்கிட்டு இருக்கும். உருண்டையா இருக்க வேண்டிய அது மெலிஞ்சு, முன்னால தள்ளி, கூம்பு மாதிரி ஆகும். இதுக்குப் பேர் கெரட்டோகோனஸ். பெரும்பாலும் டீன் ஏஜ்ல ஆரம்பிச்சு, இருபதுகள்ல வேகமா வளரும். உங்க வயசுக்காரங்களைத் தேடி வர்ற பிரச்னை இது.

உடம்புல ஒரு பாகம் இளம் வயசுலயே உருமாறத் தொடங்கினா என்ன செய்யறது? இந்தக் கேள்வியோட வாழ்ந்து, ஜெயிச்ச ஒரு தமிழரைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. அவருக்கு மாறியது கருவிழி இல்லை, கைவிரல்கள். அந்த விரல்களை வைத்துக்கொண்டே அவர் லட்சம் பேருக்குக் கண் அறுவை சிகிச்சை செய்தார்.

சாவடிகளின் சாலையில்

நீங்க மேற்குச் சென்னைக்காரங்களா? குமணன்சாவடி, கரையான்சாவடி, வேலப்பன்சாவடின்னு பஸ் போர்டுல பேர்களைப் பார்த்துக்கிட்டே வளர்ந்திருப்பீங்க. சாவடி என்றால் அந்தக் காலத்தில் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடம். இப்போ அந்தச் சாலையில் இளைப்பாற யாருக்கும் நேரம் இல்லை. ஐ.டி கம்பெனிக்கு, காலேஜுக்கு, கோயம்பேட்டுக்குன்னு பைக்குகள் பறக்கும். லாரித் தூசு, மெட்ரோ வேலைத் தூசு எல்லாம் கண்ணுக்குள்ள போகும். சிக்னல்ல நிக்கும்போது கண்ணைக் கசக்குற கைகளை எண்ணவே முடியாது.

குமணன்சாவடியில் இருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சில நிமிஷம் போனால் நூம்பலில் அரவிந்த் கண் மருத்துவமனை வரும். சென்னையில் இது 2017-ல் திறக்கப்பட்டது. இதன் மூல விதை மதுரையில் 1976-ல் ஊன்றப்பட்டது. ஊன்றியவர் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி. உலகம் முழுக்க டாக்டர் வி. 2018 அக்டோபர் 1 அன்று கூகுள் ஓப்பன் பண்ணினவங்க, கண்ணாடி போட்ட ஒரு பெரியவரை டூடுலில் பார்த்திருக்கலாம். அது அவருடைய நூறாவது பிறந்தநாள்.

மணலில் எழுதிய விரல்

1918 அக்டோபர் 1. எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் அயன் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் வெங்கடசாமி. மொத்தம் ஐந்து பிள்ளைகள். சிலேட்டும் பென்சிலும் எட்டாத காலம். ஆற்று மணலை அள்ளி வந்து தரையில் பரப்பி, சமப்படுத்தி, அதில் விரலால் எழுதித்தான் பிள்ளைகள் படித்தார்கள். பிற்காலத்தில் உலகம் பேசிய அந்த விரல்களின் முதல் வேலை இதுதான்.

சிறு வயதில் அவரைப் புரட்டிப்போட்ட விஷயம் ஒன்று நடந்தது. உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர், பிரசவத்தை ஒட்டி அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஊரில் டாக்டர் கிடையாது. அப்போதே அவர் மனதில் ஒன்று பதிந்துவிட்டது: மருத்துவம் படிக்க வேண்டும், அதிலும் பிரசவ மருத்துவராக வேண்டும். கவனியுங்கள், கண் மருத்துவம் அவருடைய கனவில்கூட இல்லை.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து 1938-ல் பட்டம் வாங்கினார். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. 1944-ல் டாக்டராக வெளியே வந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். ராணுவ வேலை முடிந்ததும் பிரசவ மருத்துவம் என்று எல்லாமே திட்டப்படி போய்க்கொண்டிருந்தது.

முப்பது வயதில் ஒரு முற்றுப்புள்ளி

அப்போது வந்தது முடக்குவாதம். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று டாக்டர்கள் சொல்லும் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த மூட்டுகளையே எதிரியாக நினைத்துத் தாக்கும். மூட்டுகள் வீங்கும், தேயும், கடைசியில் எலும்புகள் இடம் மாறி விரல்கள் கோணிக்கொள்ளும்.

1948-ல் ராணுவத்தில் இருந்து அவர் விடுவிக்கப்பட்டார். அப்போது வயது முப்பதுகூட நிறையவில்லை. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து நிற்க முடியாது. பேனாவைப் பிடிக்க முடியாது. மூட்டுகள் உருக்குலைவதைத் தடுத்து நிறுத்தும் இன்றைய மருந்துகள் எதுவும் அன்று இல்லை. வலியைத் தாங்கிக்கொண்டு, விரல்கள் வளைவதைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் வழி.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இருபதுகளின் கடைசி. படிப்பு முடிஞ்சாச்சு. வீட்டுக்கு மூத்த பிள்ளை. கனவு ஒரு கை தூரத்தில் இருக்கு. ஆனா, அந்தக் கையே வேலை செய்யலை.

எழுந்து நடமாடத் தொடங்கியபோது, பிரசவ மருத்துவம் இனி முடியாது என்று தெளிவாகிவிட்டது. மணிக்கணக்கில் நிற்க வேண்டிய, கைக்குப் பலம் தேவைப்படும் வேலை அது. கனவை மாற்றிக்கொண்டார். சென்னையில் கண் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். 1951-ல் டிப்ளமோ, 1954-ல் எம்.எஸ்.

இது கேட்க விசித்திரமா இருக்கும். விரலை மடக்க முடியாதவர், உடம்பிலேயே மிக நுணுக்கமான அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கிறாரா? ஆமாம். கண் அறுவைக்குப் பலம் வேண்டாம், நுட்பம் போதும். அந்த நுட்பத்தைப் பயிற்சியில் வரவழைத்தார். கத்தியைப் பிடிக்கவே மணிக்கணக்கில் பழகினார். வழக்கமான கருவிகள் கைக்குச் சரிவராதபோது, கோணிய விரல்களுக்கு ஏற்ற மாதிரி கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். விரல் பழைய உருவத்துக்குத் திரும்பட்டும் என்று காத்திருக்கவில்லை. இருக்கிற விரலுக்குக் கருவியைப் பொருத்தினார்.

இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க. கெரட்டோகோனஸ் சிகிச்சையில் பாதி இதுதான்.

அரை மில்லிமீட்டர் ஜன்னல்

சரி, கருவிழிக்கு வருவோம். கடிகாரத்து முள்ளுக்கு மேலே இருக்கிற கண்ணாடி மாதிரி, கண்ணுக்கு முன்னால் இருக்கிற தெளிவான ஜன்னல்தான் கார்னியா. நடுவில் அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அதில் ரத்தக் குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றில் இருந்தும் கண்ணீரில் இருந்தும் எடுத்துக்கொள்கிறது. கண்ணின் மொத்த பவரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதன் வளைவில் இருந்துதான் வருகிறது. அதனால் வளைவு கொஞ்சம் மாறினாலே, பார்க்கிற உலகம் நிறைய மாறும்.

இந்த ஜன்னலின் பெரும்பகுதி கொலாஜன் இழைகளால் ஆன அடுக்குகள். இழைகள் ஒன்றை ஒன்று இறுக்கமாகப் பிடித்திருக்கும் வரை உருண்டை வடிவம் நிற்கும். கெரட்டோகோனஸில் அந்தப் பிடிமானம் தளர்கிறது. கண்ணுக்குள் எப்போதும் ஒரு அழுத்தம் இருக்கும். பலவீனமான இடம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் மெலிந்து, முன்னால் துருத்துகிறது. பெரும்பாலும் நடுமையத்துக்குச் சற்றுக் கீழேதான் கூம்பு உருவாகும். சாதாரணக் கருவிழியின் வளைவு 43 டயாப்டர் பக்கம் இருக்கும். கெரட்டோகோனஸ் முற்றியவர்களுக்கு அது 55, 60 என்றுகூட ஏறும்.

கண்ணாடியால் இதைச் சரிசெய்ய முடியாதா? ஆரம்பத்தில் முடியும். ஆனால், மூக்குக்கண்ணாடி திருத்துவது ஒழுங்கான வளைவை. ஒரே கருவிழியில் ஒரு பக்கம் செங்குத்து, ஒரு பக்கம் தட்டை என்று தாறுமாறாக இருந்தால், எந்த சிலிண்டர் பவர் போட்டாலும் முழுசாகத் தெளியாது. நிழல் எழுத்து தெரிவதற்குக் காரணம் அதுதான். வழக்கமாக இரண்டு கண்களிலும் வரும். ஆனால் ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு. நல்ல கண் சமாளித்துக்கொள்வதால், மோசமான கண்ணைப் பல பேர் வருஷக்கணக்கில் கவனிப்பதே இல்லை. ஆரம்பத்தில் கண்ணை மறைத்துப் படிக்கச் சொன்னது அதனால்தான்.

இந்த நோயை விரிவாக எழுதியவர் ஜான் நாட்டிங்ஹாம் என்ற ஆங்கிலேய டாக்டர், 1854-ல். அப்போது கருவிழியின் உருவத்தை அளக்க நல்ல கருவி இல்லை. 1880-களில் போர்ச்சுகல் டாக்டர் அந்தோனியோ பிளாசிதோ ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். கறுப்பு வெள்ளை வளையங்கள் வரைந்த தட்டைக் கண்ணுக்கு முன்னால் பிடிப்பது. வளையங்களின் பிம்பம் கருவிழியில் வட்டமாக விழுந்தால் சரி. முட்டை வடிவத்தில் இழுபட்டால் சந்தேகம். இன்றைக்குக் கண் மருத்துவமனையில் தாடையை வைத்து நேராகப் பார்க்கச் சொல்கிற மெஷின், அந்த யோசனையின் பேரப்பிள்ளை. கார்னியல் டோபோகிராபி என்று பெயர். வானிலை மேப் மாதிரி கலர் கலரா ஒரு படம் வரும். சிவப்பு செங்குத்தான இடம், நீலம் தட்டையான இடம். முன்பக்கம் மட்டும் இல்லாமல் கருவிழியின் பின்பக்க வளைவையும் தடிமனையும் அளக்கும் மெஷின்கள் இப்போது வந்துவிட்டன.

கருவிழியின் ஓரத்தில் ஒரு வாழ்க்கை

டாக்டர் வியின் பெரிய போராட்டம் கண்புரையோடுதான். ஆனால், அவர் காலத்தில் கண்புரையை எடுக்க, கருவிழியின் ஓரத்தைப் பெரிய அரைவட்டமாகத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் புரையை எடுத்துவிட்டு, திறந்த இடத்தை முடிக்கும் மெல்லிய நூலால் தைக்க வேண்டும். தையல் இறுகினால் கருவிழி அந்தப் பக்கம் செங்குத்தாகும். தளர்ந்தால் தட்டையாகும். இரண்டுமே பார்வையைக் கோணலாக்கும். கோணிய விரல்கள் கொண்ட ஒருவர், கருவிழி கோணாமல் இருக்க வாழ்நாள் முழுக்கத் தைத்துக்கொண்டிருந்தார். ஒரே நாளில் நூறு அறுவை சிகிச்சைகள் செய்த நாள்களும் உண்டு.

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் துறைத் தலைவரானார். எர்ஸ்கின் மருத்துவமனையில், அதாவது இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனையில், கண் அறுவை நிபுணர். நோயாளிகள் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. 1960-களில் கிராமங்களில் கண் முகாம்கள் போட்டார். பார்வை இழந்தவர்களுக்கு மறுவாழ்வு மையம் தொடங்கினார். தன் பார்வையைச் சிறு வயதில் இழந்த இங்கிலாந்துக்காரர் சர் ஜான் வில்சனோடு ஏற்பட்ட நட்பு அந்தப் பணிகளுக்குப் பக்கபலமாக இருந்தது.

அந்த நாள்களில் கருவிழி தொடர்பான இன்னொரு கொடுமையையும் அவர் நேரில் பார்த்தார். வைட்டமின் ஏ சத்துக் குறைந்த ஏழைக் குழந்தைகளின் கருவிழி, சில நாள்களிலேயே கரைந்து உருகிவிடும். பிறகு எந்த டாக்டராலும் அந்தப் பார்வையைத் திருப்பித் தர முடியாது. ஆனால், கீரையும் சரியான சாப்பாடும் வைட்டமின் சொட்டும் முன்கூட்டியே கிடைத்தால் அது வரவே வராது. 1970-களின் தொடக்கத்தில் மதுரையில் அப்படிப்பட்ட குழந்தைகளுக்காக ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் உருவாக அவர் காரணமாக இருந்தார். தாய்மார்களுக்கு எதைச் சமைத்துக் கொடுக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். உருவம் போன பிறகு ஓடுவதைவிட, போவதற்கு முன்னால் பிடிப்பது. கண் டாக்டர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். அதை ஏழை வீட்டின் அடுப்படி வரை கொண்டுபோனார் அவர்.

1973-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1976-ல், 58 வயதில், அரசுப் பணியில் இருந்து ஓய்வு.

பதினொரு கட்டில்

நம்ம வீட்டுப் பெரியவங்க ரிட்டயர் ஆனா பென்ஷன், பேரப்பிள்ளைகள்னு ஒரு கணக்கு இருக்கும். டாக்டர் வி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கையில் பெரிய பணமும் இல்லை. மதுரையில் ஒரு வாடகை வீட்டில் பதினொரு படுக்கைகளோடு கண் மருத்துவமனை தொடங்கினார். தான் மதித்த ஸ்ரீ அரவிந்தரின் பெயரை வைத்தார். தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி உட்பட உடன்பிறந்தவர்கள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். வீட்டு நகைகள் அடகுக்குப் போயின. தம்பி சீனிவாசன் கட்டட வேலைகளைப் பார்த்துக்கொண்டார்.

பணம் கொடுப்பவர்களிடம் நியாயமான கட்டணம் வாங்குவது, அந்த வருமானத்தில் பணம் இல்லாதவர்களுக்கும் அதே டாக்டர் அதே சிகிச்சையைச் செய்வது. இதுதான் கணக்கு. எண்ணிக்கை கூடினால்தான் கணக்கு ஓடும். அதற்கு அவர் பார்த்து வியந்தது அமெரிக்காவின் மெக்டொனால்டு கடைகளை. எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே தரம், ஒரே வேகம், கட்டுப்படியாகும் விலை. பர்கருக்கு முடிகிறது என்றால் கண்ணுக்கு ஏன் முடியாது என்று யோசித்தார். அறுவை அரங்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜைகள். ஒருவருக்கு முடிந்ததும் டாக்டர் அடுத்த மேஜைக்குத் திரும்பினால் அங்கே நோயாளி தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனை முதல் அறுவை உதவி வரை அவர்கள் கையில் கொடுத்தார்கள். இன்றைக்கு அங்கே போய் நீங்கள் தாடையை மெஷினில் வைக்கும்போது, எதிரில் உட்கார்ந்து படம் எடுப்பவர் பெரும்பாலும் அப்படிப் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணாகத்தான் இருப்பார்.

இலவசம் என்று சொன்னாலும் நிறைய பேர் வரவில்லை. ஏன் என்று பார்த்தார்கள். பஸ் காசு, சாப்பாட்டுச் செலவு, போகிற நாளின் கூலி, துணைக்கு வருபவரின் கூலி. ஏழைக்கு இலவச சிகிச்சைகூடச் செலவுதான். அதனால் முகாமில் இருந்து மருத்துவமனைக்கு வண்டியில் அழைத்து வந்து, தங்க வைத்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடுவதும் சிகிச்சையின் பகுதியானது.

அடுத்த தடை லென்ஸ். கண்புரையை எடுத்த இடத்தில் வைக்கும் செயற்கை லென்ஸ் வெளிநாட்டில் இருந்து வந்தது. ஒன்று நூறு டாலர் அளவுக்கு விலை. 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்கூடம் மதுரையில் தொடங்கப்பட்டது. அங்கே தயாரான லென்ஸின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னாளில் அங்கே தையல் நூல், மருந்துகள், தானம் பெற்ற கருவிழியைப் பாதுகாக்கும் திரவம் வரை செய்யத் தொடங்கினார்கள். கையை மாற்ற முடியாதபோது கருவியை மாற்றிய அதே மனிதர், விலையை ஏழையால் எட்ட முடியாதபோது விலையை மாற்றினார்.

தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று அவர் இருக்கும்போதே மருத்துவமனைகள் வளர்ந்தன. தனிப்பட்ட முறையில் அவர் செய்த கண் அறுவைகள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். விரல்கள் கடைசி வரை நேராகவே இல்லை. 2006 ஜூலை 7 அன்று, 87 வயதில், மதுரையில் காலமானார்.

அவருக்கு இல்லாத வாய்ப்பு உங்களுக்கு

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். 1948-ல் அவருடைய விரல்கள் வளைந்தபோது அதை நிறுத்த வழி இல்லை. இன்று உங்க கருவிழி வளையத் தொடங்கினா, நிறுத்த வழி இருக்கு.

சிகிச்சையின் பெயர் கார்னியல் கிராஸ்லிங்கிங். ரிபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2 சொட்டு மருந்தைக் கருவிழியில் ஊற வைப்பார்கள். பிறகு அளவான புறஊதா ஒளியைக் காட்டுவார்கள். பழைய முறையில் இது அரைமணி நேரம். புது முறைகளில் நேரம் குறைவு. அந்த ஒளியும் வைட்டமினும் சேர்ந்து, தளர்ந்த கொலாஜன் இழைகளுக்கு நடுவே புதுப் பாலங்களைக் கட்டுகின்றன. கருவிழி விறைப்பாகிறது. கூம்பு மேலும் வளர்வது பெரும்பாலானோருக்கு நின்றுவிடுகிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1990-களின் கடைசியில் இதை நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கி, 2003-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்தவர்களுக்கு, கூம்பு எங்கே போய் நிற்கும் என்று காத்திருந்து பார்ப்பதுதான் வழியாக இருந்தது.

ஒன்றை மட்டும் தெளிவா புரிஞ்சுக்கணும். கிராஸ்லிங்கிங், இருக்கிற இடத்தில் நிறுத்தும். இழந்த உருவத்தை முழுசாகத் திருப்பித் தராது. பல பேர் சிகிச்சைக்குப் பிறகும் கண்ணாடியோ லென்ஸோ போட வேண்டி இருக்கும். அதனால்தான் ஆறு மாசம் முன்னால் போவதற்கும் ஆறு மாசம் கழித்துப் போவதற்கும் இவ்வளவு வித்தியாசம். கருவிழி ரொம்ப மெலிந்துவிட்டால், வழக்கமான முறையில் இந்தச் சிகிச்சை செய்யவே முடியாமல் போகலாம்.

ஏற்கெனவே உருவம் மாறிய கண்ணுக்கும் வழி உண்டு. கடினமான கான்டாக்ட் லென்ஸ்கள். லென்ஸுக்கும் மேடுபள்ளமான கருவிழிக்கும் நடுவே கண்ணீர் நிரம்பி, பள்ளங்களைச் சமப்படுத்திவிடும். வெளிச்சத்துக்கு ஒரு புது வழவழப்பான பரப்பு கிடைக்கும். கண்ணாடியில் தெளியாத எழுத்து இதில் தெளியும். கருவிழியில் படாமல், வெள்ளை விழியின் மேல் உட்காரும் ஸ்கிளீரல் லென்ஸும் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணின் வளைவையும் அளந்து, அதற்கு ஏற்ற மாதிரி லென்ஸைப் பொருத்துவார்கள். டாக்டர் வி தன் விரலுக்குக் கருவியைப் பொருத்தினார் இல்லையா, அதே வேலை.

எதுவும் பலிக்காத நிலையில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை. இதில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில்தான் டாக்டர் முத்தையா 1945-ல் நாட்டின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார். 1948-ல் இந்தியாவின் முதல் கருவிழி மாற்று அறுவை சிகிச்சையையும் செய்தார். டாக்டர் வி முடக்குவாதத்தோடு ராணுவத்தை விட்டு வந்த அதே வருஷம் அது.

இன்னிக்கு நீங்க செய்ய வேண்டியது

முதல் வேலை, கண்ணைக் கசக்குறதை நிறுத்துங்க. அடிக்கடி, அழுத்திக் கசக்குற பழக்கத்துக்கும் கெரட்டோகோனஸுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. தளர்ந்த இழைகளை முட்டியால் பிசைவது மாதிரிதான் அது. பூந்தமல்லி ரோட்டுல பைக் ஓட்டுறவங்க ஹெல்மெட் வைசரை இறக்கிவிட்டே ஓட்டுங்க. தூசு விழுந்தா சுத்தமான தண்ணியால கழுவுங்க.

அலர்ஜியால தினமும் கண் அரிக்குதுன்னா, அரிப்புக்கு மருந்து எடுங்க. அரிப்பு நின்னாத்தான் கை நிக்கும். ஆனா, மெடிக்கல் ஷாப்ல நீங்களே சொட்டு மருந்து கேட்டு வாங்காதீங்க. அதில் ஸ்டீராய்டு இருந்தால், நாள்கணக்கில் போடும்போது கண் அழுத்தம் ஏறும் ஆபத்து உண்டு.

வருஷத்துக்கு ரெண்டு தடவை பவர் மாறுது, சிலிண்டர் பவர் ஏறிக்கிட்டே போகுதுன்னா, கண்ணாடிக் கடையோட நிறுத்திக்காதீங்க. கண் டாக்டரைப் பார்த்து டோபோகிராபி எடுக்கணுமான்னு கேளுங்க. தொட்டுப் பார்க்காத, வலிக்காத பரிசோதனை. கூடப் பிறந்தவங்களுக்கு கெரட்டோகோனஸ் இருந்தா, அறிகுறி இல்லைன்னாலும் நீங்களும் ஒருமுறை பார்த்துடுங்க.

கல்யாணத்துக்கு முன்னாடி கண்ணாடியைத் தூக்கிப் போடணும்னு லேசிக் பண்ற பிளான்ல இருக்கீங்களா? கருவிழி மேப் எடுக்காம ஒத்துக்காதீங்க. லேசிக் கருவிழியை மெலிதாக்குகிற சிகிச்சை. மறைந்திருக்கும் கெரட்டோகோனஸ் கண்ணில் அதைச் செய்தால் கூம்பு வேகமா வளரலாம்.

கடைசியா ஒன்று. கருவிழி மாற்றுக்கு இன்னொருத்தர் கண் தேவை. ஒருவர் தானம் செய்யும் இரண்டு கருவிழிகள் இரண்டு பேருக்குப் பார்வை தரும். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி போட்டவரும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும்கூடத் தரலாம். இதை வீட்டுல ஒரு நாள் சாப்பிடும்போது பேசி வைங்க. துக்க வீட்டில் அந்த நேரத்துக்கு யாருக்கும் ஞாபகம் வராது.

முப்பது வயதில் கை போனதும் தன் கதை முடிந்தது என்று டாக்டர் வி நினைத்திருந்தால், மதுரையில் அந்தப் பதினொரு கட்டில் இருந்திருக்காது, நூம்பலில் அந்தக் கட்டடமும் இருந்திருக்காது. டெஸ்ட்டில் கெரட்டோகோனஸ் என்று வந்தாலும் உங்க படிப்போ வேலையோ அதோட முடியப் போறது இல்லை. சீக்கிரம் தெரிஞ்சா, நிறுத்திடலாம். தாமதமா தெரிஞ்சாலும், கண்ணுக்கு ஏத்த லென்ஸைப் பொருத்திக்கிட்டு முன்னால போகலாம். தெரிஞ்சுக்கத்தான் முதல்ல போகணும். இந்த சனிக்கிழமை லீவுதானே?